ஆளுக்கு நாலு, மிச்சம் ரெண்டு: கணக்குப் பயிற்சி ஏடு தயாரித்த குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கணக்குப் பயிற்சி ஏட்டையும் மாதத் தேர்வுத் தாளையும் தயாரித்த குழுவினருக்கு,

சென்ற மாதம் மூன்றாம் வகுப்புக்கு நீங்கள் அனுப்பிய தாளில் ஏழாவது கேள்வி இது: 26 நெல்லிக்காய்களை 6 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஈவு என்ன, மீதி என்ன?

என் வகுப்பில் ஒரு பெண் தாளின் ஓரத்தில் ஆறு வட்டம் போட்டாள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டே போனாள். கடைசியில் கீழே எழுதினாள்: "ஆளுக்கு 4, மிச்சம் 2." நீங்கள் அனுப்பிய விடைக்குறிப்பில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது. கலைச்சொல் இடம்பெறாத விடைக்கு மதிப்பெண் இல்லை. நான் பூஜ்யம் போட்டேன். போட்டது என் கைதான், அதை மறைக்கப் போவதில்லை. தாளை வாங்கிக்கொண்டு போன பெண் தன் இடத்தில் உட்கார்ந்து புள்ளிகளைத் திரும்ப எண்ணினாள். இன்னொரு தடவை எண்ணினாள். அப்புறம் என்னிடம் வந்து, "டீச்சர், சரியாத்தானே இருக்கு?" என்று கேட்டாள்.

அவளுக்கு நான் சொல்ல முடியாமல் போன பதிலைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

திருவாரூர் மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் 17 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். அதனால் ஒன்றாம் வகுப்பில் விரல்விட்டு எண்ணிய பிள்ளையை ஐந்தாம் வகுப்பில் பின்னம் போடும்வரை நானே பார்க்கிறேன். எந்தச் சொல்லில் எந்தப் பிள்ளை தடுக்கி விழுந்தது என்று கேட்டால் ஓரளவு சொல்ல முடியும்.

உங்கள் ஏட்டின் கடைசி நான்கு பக்கங்களில் 64 கலைச்சொற்கள் இருக்கின்றன. எதிரே ஒவ்வொரு வரி விளக்கம். 25 மதிப்பெண் தாளில் 10 மதிப்பெண் அந்தப் பட்டியலை ஒப்பிப்பதற்கே போய்விடுகிறது. கலைச்சொல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வகுபடும் எண் எது, வகுஎண் எது என்று தெரியாமல் ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை அங்கே திண்டாடும். அதிலும் ஈவு என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடித்த சொல். ஈதல் என்றால் கொடுத்தல். பிரித்துக் கொடுத்ததில் ஆளுக்கு என்ன வந்ததோ அது ஈவு. இவ்வளவு பொருத்தமான சொல்லை வைத்துக்கொண்டு உங்கள் பட்டியல் என்ன எழுதுகிறது? "ஈவு: வகுத்தலில் கிடைக்கும் விடை." சரி, வகுத்தல் என்றால் என்ன என்று மேலே போய்ப் பார்த்தால், "வகுத்தல்: ஈவு காணும் செயல்." செக்குமாடு சுற்றுகிற மாதிரி பிள்ளை இந்த இரண்டு வரிகளையும் சுற்றி வரவேண்டியதுதான். ஆறு வட்டம் போட்டுப் புள்ளி வைத்த பெண்ணுக்கு ஈவு தெரிந்திருந்தது. அதன் பெயர் மட்டும்தான் அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.

நீங்கள் ஒன்றை யோசித்திருக்க வேண்டும். கணக்குச் சொற்களில் பாதி, பிள்ளைக்கு ஏற்கெனவே வேறு வேலைக்குத் தெரிந்த சொற்கள். கூட்டு என்றால் வாசல் கூட்டுவது, இல்லாவிட்டால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது. பெருக்கு என்றாலும் துடைப்பம்தான். "இதைப் பெருக்கு" என்று நான் கரும்பலகையைக் காட்டிச் சொன்னபோது இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்துபோய்த் துடைப்பத்தை எடுத்து வந்தான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அவன் மேல் தப்பில்லை. அதற்குப் பிறகு பெருக்கல் தொடங்கும் நாளில் ஆடிப்பெருக்கைப் பற்றித்தான் முதலில் பேசுகிறேன். காவிரிப் பக்கத்துப் பிள்ளைகள், தண்ணீர் பெருகுவது என்றால் என்னவென்று தெரியும். உருளை என்று எழுதிப் படம் வரையச் சொன்னால் கிழங்கு வரைகிறார்கள். தொகுதி என்றால் தேர்தல். பின்னத்தில் மேலே இருக்கும் எண்ணைத் தொகுதி என்று சொன்னதும், "நம்ம ஊரு எந்தத் தொகுதி டீச்சர்?" என்று ஒரு கேள்வி வருடம் தவறாமல் வரும். கீழே இருக்கும் பகுதியோ இன்னும் சங்கடம். நாலில் ஒரு பகுதி என்று வீட்டில் பேசும்போது அந்த 'ஒரு'வைத்தான் பிள்ளை பகுதி என்று பிடித்துக்கொள்கிறது. புத்தகத்தில் அந்த நாலுக்குத்தான் பகுதி என்று பெயர். இந்த இடத்தில் பிள்ளை குழம்பாவிட்டால்தான் ஆச்சரியம்.

இரட்டை எண்களை எழுதச் சொன்னேன். ஒரு பையன் 11, 22, 33, 44 என்று எழுதினான். ஒற்றை எண்ணுக்கு 1 முதல் 9 வரை. அவன் தமிழில் அது சரி. ஒரே இலக்கம் இரண்டு தடவை வந்தால் இரட்டை, தனியாக நின்றால் ஒற்றை. உங்கள் ஏடு அவனுக்கு என்ன சொல்கிறது? "2 ஆல் மீதியின்றி வகுபடும் எண் இரட்டை எண்." வகுத்தலே அந்த ஏட்டில் அதற்குப் பின்னால்தான் வருகிறது! நான் ஒரு பிடி புளியங்கொட்டையைக் கொண்டுவந்து, கையில் மூடி, "ஒத்தையா ரெட்டையா?" என்று கேட்டேன். விளையாட்டு எல்லாருக்கும் தெரிந்ததுதான். சொல்லிவிட்டுக் கொட்டையை ஜோடி ஜோடியாக நகர்த்தினோம். ஜோடி இல்லாமல் ஒன்று நின்றால் ஒத்தை. பத்து நிமிடத்தில் முடிந்தது. 37 ஒத்தையா ரெட்டையா என்று கேட்டதற்குக் கொட்டை இல்லாமலே, "பத்தெல்லாம் ஜோடியாப் போயிரும், ஏழப் பாத்தாப் போதும்" என்று ஒரு பிள்ளை சொன்னது. இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

பின்னத்துக்கு வருகிறேன். உங்கள் மேல் எனக்கு அதிகக் கோபம் வந்தது இங்கேதான்.

தமிழில் பின்னம் சமையலறையில் இருக்கிறது, டீக்கடையில் இருக்கிறது, வயலில் இருக்கிறது. கால் கிலோ தக்காளி, அரை லிட்டர் பால், ஒண்ணேகால் முழம் பூ, ரெண்டரை மணி. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத என் அப்பாயி, ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, "ஊர்ல முக்காலே மூணு வீசம் பேர் வந்துட்டாங்க" என்பார். வீசம் என்றால் 1/16. முக்கால் என்பது 12 வீசம், அதோடு மூன்று, ஆக 15/16. கிட்டத்தட்ட எல்லாரும் வந்தாயிற்று, ஒரு வீசம் பேர்தான் பாக்கி. 1957 ஏப்ரலில் புதுக்காசு வரும்வரை ரூபாய்க்கு 16 அணா என்பதால் அவர் கணக்கில் ஒரு வீசம் ஓர் அணா. பகுதியைச் சமப்படுத்திப் பின்னங்களைக் கூட்டுவது என்று நாம் ஐந்தாம் வகுப்பில் மூச்சுமுட்டச் சொல்லிக்கொடுப்பதை அவர் வெற்றிலை மென்றுகொண்டே செய்துவிட்டுப் போனார்.

அந்தக் காலத்துக்குத் திரும்பச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை வைத்துக்கொண்டு முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20 என்று தலைகீழாக ஒப்பிக்க வைத்தார்கள். பிரம்பும் கூடவே இருந்தது. எனக்கு அந்தப் பிரம்பும் வேண்டாம், அந்த ஒப்பித்தலும் வேண்டாம். சொல்லப்போனால் உங்கள் 64 சொல் பட்டியல்தான் எனக்கு அதை நினைவுபடுத்துகிறது.

ஆனால் எங்கள் ஊரில் மா இன்னும் சாகவில்லை. நிலத்தை இன்றைக்கும் மாக்கணக்கில்தான் பேசுகிறார்கள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஏக்கரில் சொன்னால், மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். போன வருடம் ஐந்தாம் வகுப்பில், "சமான பின்னங்கள்" என்று தலைப்பு எழுதிவிட்டு 5/20-உம் 1/4-உம் ஒன்றுதான் என்று விளக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தேன். கோடு போட்டேன், வட்டம் போட்டேன், தாளை மடித்தேன். கடைசி வரிசையில் இருந்து ஒரு பையன், "டீச்சர், எங்க தாத்தா அஞ்சு மாவைக் கால் வேலின்னுதான் சொல்லும்" என்றான். இருபதில் ஐந்து, நாலில் ஒன்று. அவன் கணக்கில் எப்போதும் பின்தங்கிய பையன் என்று என் பதிவேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் பட்டியலில் சமான பின்னம் இருக்கிறது. கால், அரை, முக்கால் மூன்றும் இல்லை. பேச்சு வழக்கு என்று விட்டுவிட்டீர்களா?

தகா பின்னம் மட்டும் இருக்கிறது. தகாத வார்த்தை பேசாதே, தகாத சகவாசம் வைக்காதே என்று கேட்டு வளரும் பிள்ளையிடம் 5/4 ஒரு தகா பின்னம் என்றால், அது ஏதோ செய்யக்கூடாத தப்பு என்றுதான் தோன்றும். ஒரு பிள்ளை 5/4 என்று சரியான விடை வந்தபிறகும் அதை அடித்து 4/5 என்று மாற்றி வைத்தது. "மேல பெருசு வரக்கூடாதுல்ல டீச்சர்?" தமிழில் அதற்கு ஒண்ணேகால் என்று பெயர். அதில் தகாதது ஒன்றுமில்லை.

கழித்தலில் இன்னொரு தொல்லை. 52-இல் இருந்து 27 போகவேண்டும். நான் படித்த காலத்தில் பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்பார்கள். அதையே நானும் பல வருடம் சொன்னேன். ஒரு பெண் கேட்டாள்: "வாங்கின கடனைத் திருப்பிக் குடுக்கவே இல்லையே டீச்சர்?" மகளிர் குழுக் கடனுக்கு வாரம் தவறாமல் தவணை கட்டுகிற வீட்டுப் பெண், கேட்காமல் இருப்பாளா? இப்போது புத்தகச் சொல் இனமாற்றம். கடனைவிட அது சரியான சொல்தான், எதுவும் கடனாக வரவில்லை, பத்து ஒன்றுகளாக மாறுகிறது, அவ்வளவே. ஆனால் "இனமாற்றம்: ஓர் இனத்தை மற்றோர் இனமாக மாற்றுதல்" என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் கொடுத்து என்ன பயன்? சில்லறை மாற்றுவது என்று பக்கத்தில் இரண்டு சொல் சேர்த்திருந்தால் போதும். பத்து ரூபாய்த் தாளைக் கொண்டுபோய்ப் பத்து ஒற்றை ரூபாயாக மாற்றிவராத பிள்ளை என் வகுப்பில் இல்லை.

தமிழ் எண்ணுப் பெயர்கள் நமக்கு நிறைய உதவுகின்றன. பதினொன்று என்பதற்குள்ளேயே பத்தும் ஒன்றும் தெரிகிறது. இருபது, முப்பது, நாற்பது என்று எண்பதுவரை ஒரே தாளத்தில் போகிறது. அங்கே போய் ஒரு பள்ளம். எண்பதுக்கு அடுத்தது தொண்ணூறு. காதில் நூறு விழுகிறது. எண்ணூறுக்கு அடுத்தது தொள்ளாயிரம், காதில் ஆயிரம் விழுகிறது. போதாக்குறைக்கு 9 என்ற சின்ன எண்ணின் பெயரிலேயே 'பது' ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொண்ணூற்று மூன்று என்று சொன்னால் 903 என்று எழுதும் பிள்ளைகளை வருடாவருடம் பார்க்கிறேன். தொள்ளாயிரத்துக்கு 9000 எழுதுகிறார்கள். எண்ணுரு, இலக்கம், முகமதிப்பு எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதிய நீங்கள் இந்தப் பள்ளத்துக்கு ஒரு பலகைகூட வைக்கவில்லை.

உங்கள் பட்டியலில் இருக்கும் சொற்களால் பிள்ளைகள் தோற்பது ஒரு பங்கு என்றால், அதில் இல்லாத சொற்களால் தோற்பது மூன்று பங்கு. 'விட' என்ற சொல்லை எடுங்கள். "என்னிடம் 8 மாங்காய். அது உன்னிடம் இருப்பதைவிட 3 அதிகம். உன்னிடம் எத்தனை?" என் வகுப்பில் பெரும்பாலும் 11 என்று எழுதினார்கள். ஏன் எழுத மாட்டார்கள்? "அதிகம் என்று வந்தால் கூட்டு, குறைவு என்று வந்தால் கழி" என்று உங்கள் ஏட்டின் 12-ஆம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். நானும் பல காலம் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், அதனால் பழி முழுக்க உங்களுக்கே என்று சொல்ல எனக்கு வாயில்லை. மாங்காயைக் கையில் கொடுத்து, யாரிடம் நிறைய, யாரிடம் கொஞ்சம் என்று கேட்ட பிறகுதான் 5 வந்தது.

'தலா' இன்னொன்று. "4 பேருக்குத் தலா 5 மிட்டாய்" என்று கேள்வியில் இருந்தது. "தல எதுக்கு டீச்சர் மிட்டாய் குடுக்குறாரு?" என்று ஒருவன் உண்மையாகவே கேட்டான். ஆளுக்கு என்று போட்டிருந்தால் அவன் 20 என்று எழுதிவிட்டு வேறு வேலை பார்த்திருப்பான். 'குறைந்தது' என்ற சொல்லைப் பாருங்கள். "கூடையில் குறைந்தது 5 பழங்கள்" என்றால் ஐந்துக்குக் கீழே இல்லை என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். பிள்ளைக்கு ஐந்து பழம் போய்விட்டது. உடனே கழிக்கிறது. வீதம், மட்டும், தவிர, மொத்தத்தில், ஒன்றுவிட்டு ஒன்று: இவை எதுவும் கலைச்சொல் இல்லை, அதனால் யாரும் சொல்லித்தருவதும் இல்லை.

சமம் மட்டும் உங்கள் பட்டியலில் உண்டு. "சமக்குறி: விடையைக் குறிக்கும் குறி" என்று போட்டிருக்கிறீர்கள். இது தவறு, குழப்பம்கூட இல்லை, நேரான தவறு. 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கட்டத்தை நிரப்பச் சொன்னேன். கிட்டத்தட்ட எல்லாரும் 12 என்று போட்டார்கள், இரண்டு பேர் மட்டும் எல்லாவற்றையும் கூட்டி 17. விடையைக் குறிக்கும் குறி என்று படித்த பிள்ளை வேறு எப்படிப் போடும்? இரண்டு கொட்டாங்கச்சியைக் கயிற்றில் கட்டித் தராசு செய்தோம். ஒரு பக்கம் 8-உம் 4-உம் புளியங்கொட்டை, மறுபக்கம் 5. தட்டு சாய்ந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய் ஏழாவது கொட்டையில் நின்றதும், "சமமாயிருச்சு!" என்று கத்தினார்கள். அந்தச் சொல்லை அவர்கள் வாயில் யாரும் வைக்கவில்லை. அங்கேயே இருந்தது.

எங்கள் பள்ளியில் ஆங்கில வழிப் பிள்ளைகளும் அதே அறையில்தான் உட்காருகிறார்கள். அவர்களுக்கு நீங்கள் அனுப்பிய ஏட்டில் இதே 64-உம் ஆங்கிலத்தில். அவர்கள் 'ரிமைண்டர்' என்பதைக் கைபேசியில் அலாரம் அடிப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தனி மடலுக்கான சங்கதி.

என் கோரிக்கைகள் இவை.

விடைக்குறிப்பில் இருக்கும் அந்தத் தடித்த வரியை எடுத்துவிடுங்கள். "ஆளுக்கு 4, மிச்சம் 2" என்பதற்கு முழு மதிப்பெண் என்று எழுத்தில் சொல்லுங்கள், சென்ற மாதத் தாள்களுக்கும் அது செல்லும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்புவரை கலைச்சொல் ஒப்பித்தலுக்கு மதிப்பெண்ணே வேண்டாம். நான்கிலும் ஐந்திலும் கேளுங்கள், அதுவும் பொருள் எழுதச் சொல்லாமல் அந்தச் சொல்லை வைத்து ஒரு கணக்குப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

பட்டியலைத் திருத்துங்கள். ஈவுக்குப் பக்கத்தில் ஆளுக்கு, மீதிக்குப் பக்கத்தில் மிச்சம், இனமாற்றத்துக்குப் பக்கத்தில் சில்லறை மாற்றுவது என்று வீட்டுச் சொல்லைப் போடுங்கள். மூன்றாவதாக ஒரு நெடுவரிசையைக் காலியாக விடுங்கள். எங்கள் ஊர் மாவும் குழியும் கோயம்புத்தூர்ப் பிள்ளைக்குப் புரியாது, அங்கே வேறு சொல் இருக்கும், அதை அந்த வகுப்பே எழுதிக்கொள்ளட்டும். கால், அரை, முக்கால், ஒண்ணேகால், ஒன்றரை இவை பின்னப் பாடத்தின் முதல் பக்கத்தில் வரவேண்டும். தகா பின்னம் அதற்கு அப்புறம், அதுவும் 5/4 தப்பான எண் இல்லை என்ற ஒரு வரியோடு. விட, தலா, குறைந்தது, வீதம் ஆகியவற்றுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். தொண்ணூறுக்கும் தொள்ளாயிரத்துக்கும் ஒரு பக்கம். 12-ஆம் பக்கத்துக் கட்டத்தையும் சமக்குறி விளக்கத்தையும் மறு அச்சுவரை காத்திருக்காமல் ஒரு சுற்றறிக்கையிலேயே நீக்குங்கள்.

அரையாண்டுத் தாள் அச்சுக்குப் போவதற்கு முன்னால் உங்களில் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு மூன்றாம் வகுப்புக்குப் போய், கேள்விகளை உரக்க வாசித்துவிட்டு, பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். எங்கள் பள்ளிக்கே வரலாம். புதன்கிழமை வந்தால் நல்லது, அன்றைக்குத்தான் நானும் உடன் வேலை பார்க்கும் ஆசிரியரும் இரண்டு பேருமே கட்டாயம் இருப்போம்.

அந்தப் பெண்ணின் தாள் என் மேசை அறையில்தான் இருக்கிறது. பூஜ்யத்தை இன்னும் அடிக்கவில்லை. அடிப்பதற்கு உங்கள் கடிதம் வேண்டும்.

இப்படிக்கு,
ஈராசிரியர் பள்ளி ஒன்றின் ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்